படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது

கேள்வி: எனக்கு 57 வயது. பி.பி.க்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அலாரத்தை நிறுத்த வலது பக்கம் புரண்டேன். மின்விசிறி, பீரோ, சுவர் எல்லாம் ராட்டினம் மாதிரிச் சுழன்றன. கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. அப்புறம் ஒரே வாந்தி. மகன் பயந்துபோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். இ.சி.ஜி., சி.டி. ஸ்கேன், கழுத்து எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். தலையில் ஒன்றுமில்லை, கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி ஒரு காலரை மாட்டிவிட்டு, மூன்று வேளைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். விடாமல் சாப்பிடுகிறேன். இன்றைக்கும் வலது பக்கம் புரண்டாலோ, பரணில் எதையாவது எடுக்க அண்ணாந்தாலோ, கோலம் போட்டு நிமிர்ந்தாலோ சுற்றுகிறது. இப்போதெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன். பக்கத்து வீட்டு அக்கா பித்தம் என்கிறார். என் அக்கா கணவர் பக்கவாதத்தில் போனவர். எனக்கும் அதற்கான அறிகுறியோ என்று பயமாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?
- திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்களை நேரில் பரிசோதிக்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது, கோளாறு உங்கள் வலது காதில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. படுக்கையில் ஒரு பக்கம் புரண்டதும் அறை சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. அண்ணாந்தாலும் குனிந்து நிமிர்ந்தாலும் திரும்ப வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவம் படிக்கிற ஒரு மாணவரிடம் இந்த மூன்றையும் சொன்னால் அவர் வாயில் வருகிற முதல் பெயர் பிபிபிவி. விரித்தால் பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ. தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்து போகிற, உயிருக்கு ஆபத்தில்லாத சுழற்சி என்று பொருள். என்னிடம் வருகிறவர்கள் அவ்வளவு நீளமாகவெல்லாம் சொல்வதில்லை. 'காதுல கல்லு நகந்துடுச்சாம்' என்று வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். அதுவே சரியான பெயர்தான்.

இந்த நோய் கண்ணில் படாமல் தப்பிவிடுவதற்கு நம்முடைய பேச்சும் ஒரு காரணம். வெளிநோயாளர் வரிசையில் வருகிறவர் 'டாக்டர், மயக்கமா வருது' என்பார். எழுந்து நின்றதும் கண் இருட்டினாலும் மயக்கம், வெறும் வயிற்றில் கைகால் நடுங்கினாலும் மயக்கம், நடை தள்ளினாலும் மயக்கம், வீடே சுழன்றாலும் மயக்கம். எதிரே இருக்கிற மருத்துவரும் அவசரத்தில் எல்லாவற்றையும் 'கிடினெஸ்' என்று ஒரே சொல்லில் எழுதி, அதற்கு ஒரே மாத்திரையையும் எழுதி அனுப்பிவிடுகிறார். குறை சொல்லவில்லை, பயிற்சி மருத்துவராக இருந்த வருடம் நானும் அப்படி எழுதியவன்தான். 'சுத்துறது நீங்களா, வீடா?' என்று கேட்கவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. எழுந்து நின்றால் வருகிறதா, படுத்தபடியே புரண்டாலும் வருகிறதா? பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டுவது உண்டு. புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடும் வயதான ஆண்களுக்கும் அப்படி வரும். ஆனால் படுத்திருப்பவர் இடமிருந்து வலமாகப் புரளும்போது ரத்த அழுத்தம் இறங்க என்ன இருக்கிறது? புரண்டதும் அறை சுழல்கிறது என்றால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். நான் கேட்காமலே நீங்கள் இதை எழுதிவிட்டீர்கள்.

காது கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். செவிப்பறைக்கு உள்ளே, மண்டையோட்டு எலும்புக்குள் புதைந்திருக்கும் உட்காதில் பாதி வேலை சமநிலைக்கானது. அங்கே அரைவட்ட வடிவில் மூன்று மெல்லிய குழாய்கள், உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் திரவம் ஒரு கணம் பின்தங்கும். குழாயின் ஒரு முனையில் ஜெல்லி போல நிற்கிற ஒரு தடுப்பை அது வளைக்கும், தலை திரும்புகிறது என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகும். தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பிய பிறகும் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்குமே, அந்தக் கதைதான்.

இந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. அதற்குள் பசை போன்ற படலம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான சுண்ணக் கற்கள். சுண்ணாம்புக் கல்லிலும் முட்டை ஓட்டிலும் இருக்கிற அதே கால்சியம் கார்பனேட். எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்வது இவற்றின் வேலை. வயதாக ஆக அந்தப் பசை தளர்கிறது. தலையில் அடிபட்டாலும், நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாலும் தளரலாம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று ஒன்றையும் காட்ட முடிவதில்லை. கற்கள் உதிர்ந்து, இருக்கக் கூடாத இடமான அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. மூன்றில் பின்பக்கக் குழாய்தான் தாழ்ந்து தொங்குவது. அதனால் பெரும்பாலும் அதில்தான் விழும்.

இனி நீங்கள் வலது பக்கம் புரளும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். குழாய்க்குள் கிடக்கும் கற்கள் புவியீர்ப்பில் சரிகின்றன. சரியும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. தடுப்பு வளைகிறது. நீங்கள் புரண்டு முடித்து அசையாமல் கிடக்கிறீர்கள். வலது காது மட்டும் 'தலை சுழல்கிறது, சுழல்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இடது காது இல்லை என்கிறது. கண்ணும் இல்லை என்கிறது. குழம்பிப்போன மூளை கண்களை வெட்டி வெட்டி இழுக்கிறது, அறை சுழல்கிறது, வயிறு புரட்டுகிறது. கற்கள் குழாயின் அடியில் போய் அமர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். ஒரு நிமிடக் கணக்கு அதனால்தான். இரவெல்லாம் கற்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடப்பதால் விடியற்காலை முதல் புரளலில் அதிகமாக இருக்கும். நாலைந்து முறை புரண்டால் அவை சிதறி, சுழற்சி குறையும்.

உங்கள் கழுத்து ஏன் மாட்டிக்கொண்டது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். அண்ணாந்தால் சுற்றுகிறது என்று சொன்னதும் எல்லோருடைய பார்வையும் கழுத்துக்குப் போகிறது. எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரிகிறது. 57 வயதில் யாருக்கு எடுத்தாலும் தெரியும், எனக்கு எடுத்தாலும் தெரியும். நரை மாதிரிதான் அதுவும். பிடரி வலி, கைக்கு இறங்குகிற குடைச்சல், விரல் மரத்துப்போதல் இருந்தால் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றுமில்லை. நான்கு மாதமாக அந்தக் காலரோடு நம் வெயிலில் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் அம்மாவும் ஒரு கோடை முழுக்க அதை மாட்டிக்கொண்டிருந்தவர். அப்போது நான் மருத்துவ மாணவன், எனக்கும் தெரியவில்லை.

இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த நோயில்லை. 1921-லேயே ராபர்ட் பாரானி என்பவர், வலது பக்கம் படுத்தால் மட்டும் சுழற்சி வந்த 27 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். உட்காதின் சமநிலை வேலையைப் பற்றிய ஆய்வுக்காக 1914-க்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். பரிசுச் செய்தி வந்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார் என்பது தனிக்கதை. 1952-ல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் இதற்கான பரிசோதனையை வகுத்துக் கொடுத்தார்கள். நோயாளியைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்புக்கு வெளியே தலை சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் காதில் கற்கள் இருந்தால் சில நொடிகள் கழித்துக் கருவிழிகள் சுழன்று சுழன்று துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அவ்வளவுதான் பரிசோதனை. கட்டிலும் மருத்துவரின் இரண்டு கண்களும் போதும்.

சிகிச்சை வரத்தான் நாளாகிவிட்டது. அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்ளி, 1980 வாக்கில், கற்கள்தான் பிரச்சினை என்றால் விழுந்த வழியிலேயே அவற்றை வெளியே உருட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். தலையைச் சில நிலைகளில் வரிசையாகத் திருப்பினால் கற்கள் குழாயைச் சுற்றி வந்து பழைய பைக்குள் விழுந்துவிடும். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை, தலையைத் திருப்பினால் சரியாகும் என்றால் யார் நம்புவார்கள்? சக மருத்துவர்கள் வருடக்கணக்கில் நம்பவில்லை. அவருடைய முக்கியமான கட்டுரை 1992-ல்தான் அச்சேறியது. இன்றைக்கு உலகம் முழுக்க இதற்கு முதல் சிகிச்சை அதுதான்.

உங்களுக்கு வலது காது என்று உறுதியானால் இப்படித்தான் செய்வார்கள். தலையை வலப்பக்கம் திருப்பியபடி படுக்க வைத்து, அந்தச் சுழற்சி வந்து அடங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, மறுபடி ஒரு நிமிடம் போலக் காத்திருப்பார்கள். அடுத்து உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி இன்னும் திருப்புவார்கள். கடைசியில் அந்தப் பக்கமாகவே எழுப்பி உட்கார வைப்பார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். நடுவில் ஒரு முறையாவது சுற்றும், அது கற்கள் நகர்வதற்கான அடையாளம், பயந்து எழுந்துவிடாதீர்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். அப்புறம் சில நாட்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம், தலை லேசாக மிதப்பது போல இருக்கும். அது தானாகப் போய்விடும். இரண்டு நாள் தலையைக் குனியக் கூடாது, உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்றெல்லாம் முன்பு சொல்வோம், தேவையில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது.

கைப்பேசியில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா என்று அடுத்த கேள்வி வரும். முதல் முறை வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் கற்கள் வேறு குழாய்க்குப் போகலாம். கிடைமட்டமாக இருக்கிற குழாயில் கல் இருந்தால் செய்முறையே வேறு. கழுத்தில் அறுவை செய்தவர்கள், விழித்திரை விலகல் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தலையைத் தொங்கவிடக் கூடாது. ஒரு முறை நேரில் செய்து, மகனுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். திரும்ப வந்தால் அவரே செய்துவிடலாம்.

இனி மாத்திரை. கடிதத்தில் பெயர் எழுதவில்லை. பீட்டாஹிஸ்டின், சின்னரிசைன், புரோகுளோர்பெரசின் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். குமட்டலை அடக்க ஓரிரு நாள் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எந்த மாத்திரையும் குழாய்க்குள் கிடக்கும் கல்லை நகர்த்தாது. செருப்புக்குள் கல் மாட்டிக்கொண்டால் வலி மாத்திரையா போடுவோம்? சின்னரிசைன், புரோகுளோர்பெரசின் இரண்டையும் வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் வரும். சிலருக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வந்து நடுக்குவாதம் போலவே ஆகிவிடும். ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். கற்கள் வெளியே வந்ததும் அவற்றுக்கு வேலையே இல்லை. மருத்துவரிடம் சீட்டைக் காட்டி நிறுத்திவிடலாம். பி.பி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் இதுவும் வேறு.

உங்களை உண்மையில் தூங்கவிடாதது பக்கவாத பயம் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். மூளையின் பின்பகுதியில் இருக்கும் சிறுமூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டாலும் தலை சுற்றும், உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றல் புரண்டால் வந்து, ஒரு நிமிடத்தில் போய், நான்கு மாதம் இப்படியே நடப்பதில்லை. பெரும்பாலும் அசையாமல் படுத்திருந்தாலும் மணிக்கணக்கில் விடாமல் சுற்றும். கூடவே பேச்சு குழறும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், வாய் ஒரு பக்கம் கோணும், விழுங்க முடியாது, ஒரு பக்கக் கைகால் சொன்னபடி கேட்காது, பிடிக்காமல் எழுந்து நிற்கவே முடியாது, இதுவரை இல்லாத கடும் தலைவலியோ பிடரி வலியோ வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எப்ளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில், 'காலையில் சி.டி. எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. சிறுமூளைப் பக்கவாதத்தை முதல் நாளில் சி.டி. தவறவிடலாம்.

எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம். பரிசோதனையில் கண்கள் எதிர்பார்க்கிற விதமாகத் துடித்தால் அதுவே போதும். இரண்டு மூன்று முறை சரியாகச் செய்தும் குறையவில்லை என்றால், அல்லது கண் அசைவு வேறு மாதிரி இருந்தால் எடுக்கலாம். அதுவரை அந்தப் பல ஆயிரம் ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும். காது திடீரென்று கேட்காமல் போனாலும், இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினாலும் அது வேறு நோய், அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சண்டை போட வேண்டாம். இஞ்சிச் சாறு குமட்டலை ஓரளவு அடக்கும், குடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமெல்லாம், 'காதில் கல்' என்று கேள்விப்பட்டதும் நம்மவர்கள் அடுத்துச் செய்கிற காரியத்தைப் பற்றித்தான். ஒருவர் ஹேர்பின்னால் குடைந்து செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வந்தார். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காளான் பிடித்து வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. இந்தக் கல் இருப்பது செவிப்பறைக்கும் அந்தப்பக்கம், எலும்புக்குள். பட்ஸோ எண்ணெயோ அங்கே போகாது.

திரும்ப வருமா? வரலாம். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பிவிடுகிறது. மறுபடியும் அதே ஐந்து நிமிட வைத்தியம்தான். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். எலும்பு மெலிவுக்கும் வைட்டமின் டி குறைவுக்கும் இதோடு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. தென்கொரியாவில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்ததில், திரும்ப வருவது 24 சதவீதம் குறைந்தது. இவ்வளவு வெயில் காய்கிற ஊரில் நமக்கு வைட்டமின் டி குறைவா என்று கேட்காதீர்கள், ரத்தத்தில் பார்த்தால் பலருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். 'மயக்கமா இருக்கு' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'வலது பக்கம் புரண்டா ரூம் சுத்துது, ஒரு நிமிஷத்துல நின்னுடுது' என்று சொல்லுங்கள். மறந்துபோகும் என்றால் எழுதியே எடுத்துப் போங்கள். அன்று காலை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, சோதனையின்போது குமட்டும். திரும்பும்போது பேருந்தில் தனியாக வர வேண்டாம், மகன் கூட வரட்டும். கற்கள் இடத்துக்குப் போய்விட்டால் அன்றிரவே சாய்வு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் படுக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும்.